23 பேர், 2 பைனாகுலர், ஒரு சாக்கடை: நுவரெலியாவில் நடந்த ஒரு பறவை நடை – நிகழ்வு ஆய்வு

"சேர், குருவி எப்ப வரும்?"

பெப்ரவரி மாதம், இரண்டாவது ஞாயிறு, காலை 8.45. விக்டோரியா பூங்காவின் ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டான். பஸ் எப்போது வரும் என்று கேட்பது மாதிரிதான் கேட்டான், குறை சொல்லும் தொனியே இல்லை. நாங்கள் நடக்கத் தொடங்கி 50 நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் என் குறிப்பேட்டில் 9 இனங்களுக்கு நேரே சரி போட்டாயிற்று. அவன் கணக்கில் ஒரு காகமும் இரண்டு மைனாவும். என் கணக்கும் அவன் கணக்கும் ஏன் இப்படி விலகிப் போயின என்று அதன்பிறகு ஒரு மாதம் யோசித்தேன். யோசித்ததையும், அப்புறம் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

யார், எங்கே, எதற்கு

நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் இளைஞர்கள் கேட்டுக்கொண்டதால் ஏற்பாடான நடை இது. வந்தவர்கள் 23 பேர். 14 பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், 6 பேர் கொழுந்தெடுக்கும் பெண்கள், மிச்சம் 3 பேர் இளைஞர்கள். வழிகாட்ட நானும் நண்பர் ஒருவரும். எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு பைனாகுலர்.

விக்டோரியா பூங்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பெயர் வைக்கப்பட்டது. நம் ஆட்களுக்கு அது ஏப்ரல் சீசனில் பூ பார்க்கப் போகும் இடம், புதுமண ஜோடிகள் படம் எடுக்கும் இடம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பறவை பார்க்க இலங்கை வருகிறவர்களின் பயணத்திட்டத்தில் இந்தப் பூங்கா தவறாமல் இருக்கும். காரணம் பூக்கள் இல்லை. குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து இறங்கி வரும் சில பறவைகளை, நகரத்தின் நடுவே, பஸ் ஹோர்ன் சத்தத்தின் ஊடே பார்க்கக்கூடிய இடம் அது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அதில் முக்கியமானது. காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நம் மலையகத்துக்கும் மட்டுமே பெரும்பாலும் வருகிற பறவை. அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அக்டோபரில் வந்து மார்ச் முடிவதற்குள் கிளம்பிவிடும். இமயமலையிலிருந்தே வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி ஒன்றும் இருக்கிறது. பொழுது விடியும்போதும் சாயும்போதும் மட்டும் தலை காட்டும்.

இவ்வளவும் இருந்தும், பூங்காவில் என் காதில் விழுந்த வழிகாட்டல்கள் எல்லாம் ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் சிங்களத்தில். பூங்கா வேலியை ஒட்டிய பாதையில் தினமும் நடந்து போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு நடை. அதுதான் நோக்கம். நோக்கத்தில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடற்கரையில் கற்ற பாடம்

என் தவறு எங்கிருந்து வந்தது என்று சொல்ல, மன்னாருக்குப் போக வேண்டும்.

1977 இனக் கலவரத்துக்குப் பிறகு என் சித்தப்பா குடும்பம் மலையை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறியது. விடுமுறைக்கு அங்கே போய், அங்கிருந்து மன்னாருக்குப் போய், வங்காலை சரணாலயத்தில்தான் முதன்முதலாகப் பறவை பார்க்கக் கற்றேன். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்ட இடம் அது. போனவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டை. ஆழமில்லாத உப்புத் தண்ணீர், சேறு, வானம். மரம் என்று மறைக்க ஒன்றும் கிடையாது. ஜனவரியில் போனால் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்தபடி வரிசையாக நடக்கும். தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திவிட்டால் போதும், முப்பது பேர் என்றாலும் வரிசையில் நின்று பார்த்து முடிக்கலாம். பறவை எங்கும் போகாது. கொஞ்சம் நடந்து அடுத்த சேற்றுத் திட்டுக்குப் போனால் அடுத்த கூட்டம் காத்திருக்கும். அங்கே நடப்பதற்கு அர்த்தம் உண்டு. நடக்க நடக்கப் பட்டியல் நீளும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நுவரெலியா நடைக்குத் திட்டம் போட்டேன். 7 மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவது. ஒன்றரை மணி நேரத்தில் பூங்காவை ஒரு முழுச் சுற்று. பிறகு வான் வண்டியில் ஏறி கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா. 1938இல் சரணாலயமாகி 2006இல் தேசியப் பூங்காவானது. 29 ஹெக்டேயர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அதிலும் ஒரு முழுச் சுற்று. 11.30க்குள் முடிப்பது. இலக்கு 40 இனம். இதை எழுதி ஒரு வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கல்யாண வீட்டு நிகழ்ச்சி நிரல் மாதிரி பார்க்க அழகாக இருந்தது.

நடந்தது

பஸ் 7.40க்கு வந்தது. அதற்கு முந்தைய பஸ் என்று ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சேர் ஏழு மணி என்று எழுதியிருக்கிறார், எழுதினால் எழுதினபடி இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 7.55க்கு உள்ளே போனோம். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. செருப்போடு வந்த பிள்ளைகளுக்குக் கால் விறைத்துப்போனது.

23 பேர் ஒரு பாதையில் நடந்தால் அது கிட்டத்தட்ட 30 மீட்டர் நீள வரிசை. இதை நான் யோசிக்கவே இல்லை. வரிசையின் தலையில் நான். சாம்பல் வாலாட்டி ஒன்று ஓடைக்கரையில் நிற்பதைக் காட்டுவேன். முன்னால் இருக்கும் நாலு பேர் பார்ப்பார்கள். ஐந்தாவது ஆள் வந்து சேரும்போது வாலாட்டி பறந்திருக்கும். பத்தாவது ஆளுக்கு ஓடை தெரியும். இருபதாவது ஆளுக்கு முன்னால் நிற்பவரின் ஜெர்சி தெரியும்.

பைனாகுலர் விஷயம் இன்னும் மோசம். முதன்முறை கையில் எடுக்கும் ஒருவருக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளியைச் சரிசெய்து, தெளிவு வரவழைத்து, கிளையைத் தேடிப் பிடிக்க ஒரு நிமிடமாவது வேண்டும். ஈப்பிடிப்பான் மாதிரிக் குருவி ஒரு கிளையில் உட்கார்வது பத்து வினாடி. கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. பைனாகுலரை வாங்கி, பார்ப்பது போல் கண்ணில் வைத்து, "ஆமா சேர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். மரியாதைக்குச் சொன்ன 'ஆமா' அது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

எங்கே இருக்கிறது என்று சொல்வதிலும் கோட்டைவிட்டேன். "ரெண்டு மணி திசையில, நடுக்கிளையில" என்றேன். வழிகாட்டிகள் எல்லோரும் கடிகார முள்ளை வைத்துத்தான் திசை சொல்வார்கள். ஒரு அக்கா கையிலிருந்த போனைப் பார்த்து, "இன்னும் ஒம்பது கூட ஆகலையே" என்றார்.

பெயர் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. ஆங்கிலப் பெயர் சொல்ல மாட்டேன் என்ற பிடிவாதத்தில் புத்தகத் தமிழ்ப் பெயர்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். "காஷ்மீர் ஈப்பிடிப்பான்" என்றதும் பின்னாலிருந்து ஒருவன், "ஈ புடிக்கவா காஷ்மீர்ல இருந்து வருது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பறவையை அவர்களில் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், மூன்று வினாடி. சரி போட்டேன்.

கல்வேஸ் லேண்டில் இதைவிடச் சிரமம். அங்கே காடு அடர்த்தி. பறவைகளின் குரல் நாலா பக்கமும் கேட்கிறது, உருவம் ஒன்றும் தெரிவதில்லை. நான் குரலை வைத்தே இனங்களைச் சொல்லிக்கொண்டு போனேன். பின்னால் வருகிறவர்களுக்கு அது ரேடியோ அறிவிப்பு மாதிரி இருந்திருக்கும். 10.30க்குப் பெண்கள், "சேர், புள்ளைங்களுக்குப் பசிக்குது" என்றார்கள். பாதையோரம் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தோம். ரொட்டியும் கட்டச்சம்பலும், போத்தலில் தேத்தண்ணியும்.

சாப்பிட ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். எல்லோர் வாயிலும் ரொட்டி, அதனால் பேச்சு இல்லை. அப்போது தலைக்கு மேலே இலைகள் அசையத் தொடங்கின. முதலில் வெள்ளைக்கண்ணிகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பச்சைக் குருவிகள், நம் மலைநாட்டில் மட்டுமே உள்ள இனம். ஏழெட்டு இருக்கும். அவற்றோடு சாம்பல் சிட்டு, பின்னாலேயே சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமாக ஒரு ஈப்பிடிப்பான். பல இனம் கலந்து இப்படிக் கூட்டமாக இரை தேடி வருவது மலைக்காட்டின் வழக்கம். ஒன்று இலையைக் கலைத்தால் கிளம்பும் பூச்சி இன்னொன்றுக்கு. பருந்தைக் கவனிக்கக் கண்களும் நிறைய. இவற்றுக்குப் பிறகு, எங்களிடமிருந்து நாலு மீட்டரில் ஒரு தாழ்ந்த கொப்பில், மங்கிய நீல நிறத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. மங்கல் நீல ஈப்பிடிப்பான், அதுவும் இலங்கை மலைகளுக்கே உரியது. மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. யாருக்கும் பைனாகுலர் தேவைப்படவில்லை. பன்னிரண்டு நிமிடம் அந்தக் கூட்டம் எங்களைச் சுற்றியே இருந்தது. 23 பேரும் பார்த்தார்கள்.

வெட்கமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அன்று நான் 'சாப்பாட்டு இடைவேளை' என்றுதான் குறித்து வைத்தேன். 11 மணிக்கு எல்லோரையும் எழுப்பி மறுபடி நடக்க வைத்தேன்.

லயத்து வாசலில் கேட்டது

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய், வந்தவர்களில் 11 பேரிடம் தனித்தனியாகப் பேசினேன். ஒரே கேள்வி: "அன்னைக்கு என்னா குருவி பாத்தீங்க?"

என் குறிப்பேட்டில் 27 இனம் இருந்தது. அவர்களில் அதிகமாகச் சொன்னவர் 7 சொன்னார். பெரும்பாலானோர் மூன்று நான்கு. அந்த மூன்று நான்கும் அநேகமாக ஒன்றேதான், ரொட்டி சாப்பிட்டபோது வந்தவை. பெயர்கள் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அவர்களுக்குள் வேறு பெயர்கள் வந்துவிட்டிருந்தன. வெள்ளைக்கண்ணி 'மூக்குக்கண்ணாடி'. சாம்பல் சிட்டுக்கு நெஞ்சிலிருந்து வயிறு வரை கறுப்புக் கோடு ஒன்று டை கட்டினது போல இறங்கும். அதற்கு 'கணக்கப்பிள்ளை'. பெயர் வைத்தது யார் என்று கேட்டேன், எல்லோரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சொன்னது: "நாங்க மலையில ஒரே எடத்துல நின்னு கொழுந்து எடுக்கறப்ப இதெல்லாம் தானா வரும் சேர். நீங்கதான் நிக்கவே விடலையே." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்று நகரத்தில் பூங்காவைக் கூட்டும் அண்ணன் ஒருவரையும் சந்தித்தேன். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்திக்கு மாமா முறை. பறவை மேல் அவருக்கு எந்த ஆர்வமும் கிடையாது. நான் விவரித்ததைக் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் ஏன் போனீங்க? பூப்பாத்தியில என்னா இருக்கு? பின்னால ஓடைக்கிட்ட, இலை குமிஞ்சு கெடக்கிற மூலையில பாருங்க. காலையில ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி வந்து இலையப் பொரட்டும். சாயந்தரமும் வரும். செகப்பு நெஞ்சு ஒண்ணும் இருக்கு" என்றார். மரங்கொத்தியும் அங்கே கூடு கட்டியிருக்கிறது என்றார். அது தப்பு, போய்ப் பார்த்தேன், குக்குறுவான் குடைந்த பொந்து. ஆனால் மூலையைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த மூலை அழகான இடமில்லை. ஊரின் கழிவைச் சுமந்து வரும் ஓடை அது. வாடை அடிக்கும். பிளாஸ்டிக் பைகள் வேரில் சிக்கிக் கிடக்கும். பழகிய வழிகாட்டிகள் தங்கள் ஆட்களை நேரே அங்கேதான் கூட்டிப்போவார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும், முதல்முறை வரும் பிள்ளைகளைச் சாக்கடைப் பக்கம் எப்படிக் கூட்டிப்போவது என்று ரோஜாப் பாத்தி வழியே நடத்தினேன். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அவர்களுக்காக என்று நினைத்துக்கொண்டு என் கௌரவத்துக்காகச் செய்தது அது.

எது காரணம்

முதலில் பஸ் மேல்தான் பழியைப் போட்டேன். ஏழு மணிக்கு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழு மணிக்கு வந்திருந்தா, இன்னும் முக்கால் மணி நேரம் கூட நடத்தியிருப்பீங்க" என்றார். அவர் சொன்னது சரி. நேரம் ஒரு காரணம்தான், பெரிய காரணம் இல்லை.

பெயர் விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசை. புத்தகப் பெயரா, ஊர்ப் பெயரா என்று பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் உண்மையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும் காரணம். பறவையைப் பார்த்தவர்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பார்க்காதவர்களுக்கு நான் எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான்.

ஆட்கள் அதிகம், பைனாகுலர் குறைவு. இது வெளிப்படை. ஆனால் 23 பேரும் பைனாகுலர் இல்லாமல் அந்த நீல ஈப்பிடிப்பானைப் பார்த்தார்களே? அதனால் ஆள் கணக்கு மட்டும் காரணமாக முடியாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நான் நடக்க வைத்தேன். கடலோரச் சேற்றில் பறவை நிற்கும், ஆள் நடக்கலாம். மலைக்காட்டில் பறவை நடமாடும், ஆள் நிற்க வேண்டும். ஹோட்டன் சமவெளியில் அரெங்கா குளத்தடிக்கு விடிவதற்கு முன் போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே வசிக்கும் சீட்டிப் பூங்குருவிக்காக இருட்டில், குளிரில், ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நானும் போய் நின்றிருக்கிறேன். ஒரு தனிப் பறவைக்காக நிற்பது என்றால் புரிகிறது, ஒரு முழு நடையையே நின்று நடத்தலாம் என்று மட்டும் தோன்றவில்லை. கூட்டிக்கொண்டு போகிறோம் என்றால் எங்கேயாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு அழுத்தமாக மனதில் இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை

மார்ச் இரண்டாவது ஞாயிறு. காஷ்மீர்க்காரர் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை.

இம்முறை 9 பேர். காலையை விட்டு மாலைக்கு மாற்றினோம், 4 மணி முதல் இருட்டும்வரை. அதிகாலை பஸ் கிடையாது, மாலையில் திரும்பும் பஸ் 6.40க்கு உண்டு. அதிகாலையில் வரும் பறவைகளில் பல அந்தியிலும் வரும் என்பதால் இதில் பெரிய நஷ்டமில்லை. பூங்கா வாசலில் முன்கூட்டியே சொல்லி, கடைசிவரை இருக்க அனுமதி கேட்டுக்கொண்டோம். இந்தச் சின்ன வேலையை முதல் முறை செய்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

வாசலிலிருந்து நேரே ஓடை மூலைக்கு. பாதையின் ஓரமாக ஒரே வரிசையில், தோளோடு தோள் சேர்ந்து நின்றோம். பின்வரிசை என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காக. பெயர் கேட்கக் கூடாது, முதலில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். திசை சொல்ல அவர்களே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். "கவாத்து வெட்டின செடி உசரத்துல, வளைஞ்ச கொப்புக்குக் கீழ." பிரமாதமாக வேலை செய்தது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் உயரம் அங்கே நின்ற ஒன்பது பேருக்கும் அங்குலக் கணக்கில் தெரியும்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. வாடைதான் வந்தது. ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். என் கால்கள் என்னைக் கேட்காமலே நகரப் பார்த்தன. அப்புறம் ஒரு சிறுமி, "செகப்புக் கழுத்து" என்று மூச்சுக்குள் சொன்னாள். ஆண் காஷ்மீர் ஈப்பிடிப்பான். தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. தாழ்ந்த கொப்பிலிருந்து தரைக்கு இறங்கி எதையோ கொத்தியது, வாலை வெடுக்கென்று தூக்கியது, வேறொரு கொப்புக்குப் போனது, பார்வையிலிருந்து மறைந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நிற்கச் சொன்னேன். ஆறேழு நிமிடத்தில் அதே சுற்றில் திரும்ப வந்தது. அப்படி நாலு தடவை. நாலாவது தடவை எல்லோருமே பைனாகுலரில் பார்த்து முடித்திருந்தார்கள். இம்முறை 'ஆமா' வரவில்லை. "வயித்துல வெள்ளையா இருக்கு", "கண்ணு பெருசு", இப்படி வந்தது.

பெயரும் ஊரும் சொன்னேன். வந்திருந்த பாட்டிக்கு எழுபது இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நம்ம ஆளுங்க போன வழியாவா இது வருது?" மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அவருடைய இரண்டு அண்ணன்மார் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனவர்கள். பறவை எந்த வழியாக வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லும் அறிவு எனக்கில்லை. கடலைத் தாண்டித்தான் வரணும் பாட்டி என்றேன். "கடுதாசி இல்லாம வருது" என்றார். பக்கத்தில் நின்ற பையனுக்கு அது விளங்கவில்லை, யாரும் விளக்கவும் இல்லை.

6 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு சுரத்தில் ஒரு விசில். எனக்கு முந்தியே, பூங்காவைக் கூட்டுகிற அண்ணன் கையை உயர்த்தினார். ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கத்துவதால் தமிழில் அந்தப் பெயர். பொழுதையே பெயராகக் கொண்ட பறவை. அங்கே வேலை செய்யும் சிங்கள அண்ணன் ஒருவர், தங்கள் ஊரில் அதற்கு அவிச்சியா என்று பெயர், அதன் உடுப்பை மயில் திருடிக்கொண்டது, அதை முறையிட்டுத்தான் இப்படிக் கத்துகிறது என்று கதை சொன்னார். பையன்களில் ஒருவன் தமிழில் மாற்றிச் சொன்னான். மயிலுக்கு அவ்வளவு பெரிய தோகை எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறது என்றும் சேர்த்துக்கொண்டான். அந்தப் பறவை இலைக்குவியலுக்குள் தத்தித் தத்தி வந்து, சிக்கிக் கிடந்த பையொன்றுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை, வாலடியில் இரத்தச் சிவப்பு. "கங்காணி மாதிரி நிக்குது" என்றாள் சிறுமி.

கறுப்பு வெள்ளைப் பூங்குருவி வரவில்லை. இருட்டும்வரை நின்றோம், வரவில்லை. அன்று மொத்தம் 5 இனம். எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். நடந்த தூரம், வாசலிலிருந்து அந்த மூலைக்கு.

தீராதவை

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது பேருக்கு மேல் கூட்டிப்போக முடியாது. 23 பேர் கேட்டால் மூன்று ஞாயிறு வேண்டும், மூன்று தடவை டிக்கெட், மூன்று தடவை பஸ் காசு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சும்மா நிற்பது தண்டனை. ஏழு வயதுப் பையன் ஒருவன் கல் பொறுக்கி ஓடையில் எறியத் தொடங்கிவிட்டான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று அந்த ஓடை. திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்டாள்: "இத சுத்தம் பண்ணினா குருவி போயிருமா சேர்?" நல்ல கேள்வி, சட்டென்று பதில் வரவில்லை. அழுக்குத் தண்ணீருக்காகப் பறவைகள் அங்கே வருவதாக எனக்குத் தோன்றவில்லை. நிழலுக்கும், ஈரமான இலைக்குவியலுக்கும், அதற்குள் இருக்கும் புழு பூச்சிக்கும்தான் வருகின்றன. கழிவை நிறுத்திவிட்டு இலையை விட்டுவைத்தால் பறவையும் இருக்கும், மூக்கும் பிழைக்கும். சுத்தம் என்ற பெயரில் கரையைச் சிமெந்தால் கட்டி, அடிச்செடியை வெட்டி, இலையைக் கூட்டி எரித்தால் ரோஜாப் பாத்தி மட்டும் மிஞ்சும். கூட்டுகிற அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்த மூலைய கூட்டாதீங்கன்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. கூட்டச் சொல்லியும் யாரும் சொல்லல. அதான் அப்படியே கெடக்கு" என்றார்.

மார்ச் கடைசியில் போனபோது செம்மஞ்சள் நெஞ்சு இல்லை, கிளம்பியிருந்தது. பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்லி வைத்தேன்: ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தோட்டத்து ஓடையில் சாம்பல் வாலாட்டி வந்து இறங்கும். குளிர்கால விருந்தாளிகளில் நம் மலைக்கு முந்தி வருவது அது. பார்த்ததும் எனக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் போன் வந்தது. ரோஜாப் பாத்தியில் என்னைக் கேள்வி கேட்ட அதே பையன்.

"சேர், வாலாட்டி வந்துருச்சு. தண்ணிப் பீலிக்கிட்ட. ரெண்டு நாளா நின்னு பாத்தேன்."

"காஷ்மீர்க்காரர்?"

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே சேர்" என்றான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், இனி ஆட்டோதான் என்றும் சொன்னான். ஓர் ஆட்டோவில் மூன்று பேர், மூன்று ஆட்டோ. அக்டோபர் மூன்றாவது ஞாயிறு என்று முடிவு செய்திருக்கிறோம், மாலை 4 மணி. பைனாகுலர் இன்னும் இரண்டுதான்.